மாமா கடைக்கு யார் போவது?

சிங்கப்பூரில் தமிழே தெரியாத சீனரும் மலாய்க்காரரும் சர்வ சாதாரணமாகச் சொல்லும் தமிழ்ச் சொல் ஒன்று உண்டு. 'மாமா' என்பதே அது. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ரொட்டி, முட்டை, சவர்க்காரம், தொலைபேசி அட்டை, செய்தித்தாள், ஐஸ்கிரீம் என்று கைக்கெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கும் சிறிய கடைக்கு இந்நாட்டு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'மாமா ஷாப்'. கல்லாவில் இருந்தவரைத் தமிழ்ப் பிள்ளைகள் 'மாமா' என்று கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளையும் அதையே சொல்லிப் பழகியது. பெயர் நிலைத்துவிட்டது.

நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாகத் தமிழுக்கு இந்நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் இடம் இருப்பது நமக்குப் பெருமைதான். ஆனால் 'மாமா' என்ற சொல்லை அண்டை வீட்டார் நாவில் ஏற்றுவதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை; ஒரு கடை போதுமானதாக இருந்தது. அந்தக் கடையைப் பற்றியும், அது இருக்கும் புறநகர்ப் பேட்டையைப் பற்றியும், நாம் அதைக் கடந்துபோகும் விதத்தைப் பற்றியும் சில கருத்துகளை இங்கே முன்வைக்க விரும்புகிறேன்.

பேட்டையும் கடையும்

நான் வளர்ந்தது ஈசூனில். தீவின் வடபகுதி. ரப்பர், அன்னாசித் தோட்டங்களுக்குப் பேர்போன தொழிலதிபர் லிம் நீ சூனின் பெயர்தான் மாண்டரின் உச்சரிப்பில் 'ஈசூன்' ஆயிற்று. இங்குள்ள சோங் பாங் வட்டாரத்துக்கு அவருடைய மகனின் பெயர். பக்கத்திலுள்ள செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இயங்கிய காலத்தில் அங்கு வேலை பார்த்த தமிழர்களும் மலையாளிகளும் சுற்றுவட்டாரக் கம்பங்களில் குடியிருந்தனர். ஈசூன் தொழிற்பேட்டையில் இன்று நிற்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் அந்தச் செம்பவாங் வாழ்க்கையின் தொடர்ச்சி. பங்குனி உத்திரத்தன்று அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால், 'வடக்கில் தமிழர் இல்லை' என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

1988 டிசம்பரில் ரயில் வந்தது. 1992-இல் ரயில் நிலையத்துக்கு எதிரே நார்த்பாயிண்ட் கடைத்தொகுதி வந்தது. நகரின் நடுப்பகுதிக்குப் போகாமலேயே குளிரூட்டப்பட்ட கட்டடத்தில் பொருள் வாங்கலாம் என்பது அன்றைக்குப் புறநகர்வாசிகளுக்குப் புதுமை. 2017-இல் அது மேலும் பெரிதாக விரிந்தது. இன்று ரயிலிலிருந்து இறங்குபவர் வெயில் படாமலேயே உள்ளே நுழைந்து, தேவையானவற்றை வாங்கிக்கொண்டு, பேருந்து ஏறி வீட்டுக்குப் போய்விடலாம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதுநகர்களைத் திட்டமிட்டபோது கடைகளை அடுக்கடுக்காக வைத்தது. ரயில் நிலையத்தை ஒட்டி நகர மையம். அதற்கு அடுத்த படியில் ஈரச்சந்தை, காப்பிக்கடை, மருந்தகம், முடிதிருத்தும் கடை, இரும்புச் சாமான் கடை எல்லாம் கொண்ட அக்கம்பக்கக் கடைவரிசை. கடைசிப் படியில், ஏதோ ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் தனியாக நிற்கும் மாமா கடை. முதல் படி பளபளக்கிறது. இரண்டாம் படி தாக்குப்பிடிக்கிறது. மூன்றாம் படி ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது.

ஆனால் அன்றாட வாழ்க்கையை நெருக்கமாகக் கவனிப்பவருக்குத் தெரியும், மூன்றாம் படிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மூட்டுவலியோடு நூறு அடிக்கு மேல் நடக்க முடியாத பாட்டி, ஒரு வெள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தொடக்கநிலை ஒன்று மாணவன், ஊருக்குப் பேசத் தொலைபேசி அட்டை வாங்கும் பணிப்பெண், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது உப்பு தீர்ந்துவிட்டதைக் கண்டுபிடிக்கும் அம்மா. இவர்கள் யாருக்கும் நார்த்பாயிண்ட் பயன்படாது. லிஃப்டில் இறங்கினால் கடை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நூற்றுக்குப் பதினைந்து

தமிழ் மாணவர்களாகிய நமக்கு இந்தக் கடை ஏன் முக்கியம்? இங்குதான் நாம் அதிகம் யோசிக்காத ஒரு கணக்கு இருக்கிறது.

1989 முதல் வீவக பேட்டைகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் உள்ளது. 2010-இல் திருத்தப்பட்ட அளவின்படி, ஒரு புளோக்கில் இந்தியர், பிற இனத்தவர் ஆகிய பிரிவினருக்கான உச்சவரம்பு 15 விழுக்காடு. ஒரு வட்டாரத்துக்கு 12 விழுக்காடு. அதாவது நூறு வீடுகள் கொண்ட புளோக்கில் அதிகம் போனால் பதினைந்து வீடுகள். அந்தப் பதினைந்துக்குள் மலையாளி இருப்பார், பஞ்சாபியர் இருப்பார், யூரேசியர் இருப்பார். தமிழராக இருந்தும் வீட்டில் ஆங்கிலமே பேசும் குடும்பமும் இருக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினரே வீட்டில் தமிழை ஆக அதிகமாகப் பேசுகின்றனர். ஆங்கிலத்துக்கு 48.3 விழுக்காடு.

இந்தக் கொள்கையை நான் குறைசொல்லவில்லை. இனவாரியான சேரிகள் உருவாகாமல் தடுத்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. என் பால்ய நண்பர்களில் பாதிப் பேர் தமிழர் அல்லாதவர்களாக இருப்பதற்கும் அதுவே காரணம். ஆனால் அதன் விளைவு ஒன்றை நேராகப் பார்க்க வேண்டும். தமிழர்கள் தீவு முழுவதும் தூவப்பட்டிருக்கிறோம். தேக்காவில் தவிர, தெருவில் நடந்தால் தமிழ் காதில் விழும் இடம் நமக்கு இல்லை. ஒரு புறநகரில் இரு தமிழர்கள் முன்னேற்பாடு எதுவும் இல்லாமல், அழைப்பிதழ் இல்லாமல், சந்தித்துத் தமிழில் நான்கு வார்த்தை பேசும் இடங்களை எண்ணிப் பாருங்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் போன்ற வழிபாட்டு இடங்களை விட்டால் மிச்சம் இருப்பது கடைதான். வழிபாட்டு இடத்துக்கும் அந்தந்தச் சமயத்தினர்தான் போவார்கள். கடைக்கு எல்லாரும் போவார்கள்.

மசாலாக் கடைத் தமிழ்

ஈரச்சந்தைகளில் இன்றும் ஆங்காங்கே காணக்கூடிய மசாலாக் கடையை எடுத்துக்கொள்வோம். அரைத்த மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம், இஞ்சி, பூண்டு எல்லாம் தனித்தனிப் பாத்திரங்களில் குழைவாக இருக்கும். கடையநல்லூர், தென்காசிப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இந்தத் தொழிலில் முன்னோடிகள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் பெண்கள் அம்மியில் அரைத்து விற்றதைப் பழைய தலைமுறை இன்றும் நினைவுகூரும்.

நான் சிறுவனாக அம்மாவோடு சந்தைக்குப் போகும்போது நடக்கும் உரையாடல் எப்போதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"என்ன கறிம்மா இன்னைக்கு?"

"மீன் கறி அண்ணே. அஞ்சு பேருக்கு."

"பால் ஊத்துறீங்களா, புளி மட்டுமா?"

"புளிதான். காரம் கொஞ்சம் கம்மியா போடுங்க, பையன் சாப்பிடணும்."

அவர் அளவுகோல் எதுவும் பார்க்காமல் ஒவ்வொன்றிலும் கரண்டியை விட்டு அள்ளி, வாழையிலைத் துண்டில் வைத்து மடித்துக் கொடுப்பார். பின்னால் நிற்கும் மலாய் மக்சிக்கிடம் உடனே மலாய்க்கு மாறி "ஈக்கானா, ஆயாமா?" என்று கேட்பார். சீனப் பாட்டி வந்தால் ஹொக்கியனில் விலை சொல்வார். கிளம்பும்போது அம்மா கேட்காமலேயே ஒரு பிடி கறிவேப்பிலை பைக்குள் விழும். அதற்குப் பெயர் கொசுறு.

'கொசுறு' என்ற சொல்லை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. 'நுகர்வோர்' என்று எழுதப் பழகினேன். 'விற்பனை' என்பதற்கு எதிர்ச்சொல் எழுதினேன். பாக்கி, பற்று, சில்லறை, கழிவு, அரைக்கட்டு, ஒரு பிடி, ஒரு கொத்து, 'நாளைக்கு வந்து தர்றேன்', 'இருக்கட்டும் போங்க' இவையெல்லாம் சந்தையும் கடையும் கற்றுத்தந்தவை. இன்னொன்றும் அங்கே கற்றேன். என்னைவிட வயதில் மூத்த, எனக்கு உறவில்லாத ஒருவரிடம் தமிழில் எப்படிப் பேசுவது என்பதை. ஆசிரியரிடம் பேசும் தமிழ் வேறு, பாட்டியிடம் பேசும் தமிழ் வேறு. கடைக்காரரிடம் மரியாதையும் வேண்டும், உரிமையும் வேண்டும், காசில் கணக்கும் வேண்டும். மொழியை இப்படி மூன்று பக்கமும் வளைத்துப் பழகுவதற்கு வேறு இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

2005-இல் வெளிவந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று வலியுறுத்தியது. எழுத்துத் தமிழை மட்டுமே அறிந்த பிள்ளைகள் அதை வாழ்க்கையில் பயன்படுத்தத் தயங்குகிறார்கள் என்பதே அதன் பின்னணியிலிருந்த கவலை. நல்ல முடிவுதான். ஆனால் வகுப்பில் பழகிய பேச்சுத் தமிழைப் பேசிப் பார்க்க வெளியே ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இப்போது அந்தக் கல்லாக்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன.

ஏன் மூடப்படுகின்றன?

ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. செய்தித்தாள் வாங்குவோர் குறைந்துவிட்டனர். 2015 முதல் இரவு 10.30 மணிக்கு மேல் காலை 7 மணி வரை மதுபானச் சில்லறை விற்பனைக்குத் தடை. 2017 முதல் சிகரெட்டைப் பார்வைக்கு வைத்து விற்க முடியாது. சமுதாய நலனுக்கு இவை நல்ல சட்டங்கள். நானும் ஆதரிக்கிறேன். ஆயினும் சிறு கடையின் வருமானத்தில் இவை ஒரு துண்டை வெட்டி எடுத்தன. மறுபக்கம் இணையத்தில் சொடுக்கினால் அரிசி மூட்டை வாசலுக்கு வருகிறது. பேரங்காடியிலோ நாமே பொருளை வருடி, நாமே பணம் கட்டி, யாரிடமும் வாய் திறக்காமல் வெளியே வந்துவிடலாம்.

வாடகையும் உண்டு. கழகம் ஒரு காலத்தில் கடைகளை விற்றது, 1998-இல் நிறுத்திக்கொண்டது. எனவே ஒரே வரிசையில் சிலருக்குச் சொந்தக் கடை, சிலருக்குக் கழகத்தின் வாடகைக் கடை, சிலருக்குத் தனியாரிடம் எடுத்த கடை. சொந்தக் கடை வைத்திருக்கும் முதியவர் தள்ளாத வயதில் அதை வாடகைக்கு விட்டுவிட்டு ஓய்வெடுக்கிறார். அங்கே துணைப்பாட நிலையமோ குமிழித் தேநீர்க் கடையோ வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காரணம் இருக்கிறது. அது நம்மைப் பற்றியது. எங்கள் வட்டாரத்தில் கடை வைத்திருந்த ஒருவரிடம், "உங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இதுல நிக்க வைக்கவா தம்பி எம் மகளை யுனிவர்சிட்டிக்கு அனுப்பினேன்?" என்றார். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு மூடும் வாழ்க்கை அவருடையது. தீபாவளிக்கு மட்டும் விடுமுறை. அவர் அந்தக் கடையை நடத்தியதே அதை நடத்த வேண்டிய அவசியம் தம் பிள்ளைக்கு வராமல் இருப்பதற்காக. அவருடைய கடை மூடப்பட்டால் அது அவருக்குத் தோல்வி அன்று, வெற்றி. அந்த வெற்றியில் பங்கு பெற்றவர்கள்தாம் இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கும் நம்மில் பலர். கடைக்காரரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பல்கலைக்கழகத்தில் இருக்கிறோம். எனவே 'அந்தக் காலம்போல் வருமா' என்று பெருமூச்சு விட நமக்கு உரிமை இல்லை. அந்தக் காலத்தின் உழைப்பு நம் உடம்பில் படவில்லை.

எதிர்வாதங்கள்

இங்கே சிலர் கேட்கலாம். "பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும்போது மாமா கடையில் எதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. பத்துக் காசு, இருபது காசு கூடுதலாகத்தான் இருக்கும் பல பொருள்கள். மொத்தமாக வாங்கும் நிறுவனத்தோடு தனியாள் போட்டியிட முடியாது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பத்திடம் போய் மொழிப்பற்றுக்காகக் கூடுதல் விலை கொடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. ஆண்டு வருவாய் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடை பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அப்படிப் பதிவு செய்யாத கடை, 2024 முதல் 9 விழுக்காடாக இருக்கும் அந்த வரியை நம்மிடம் வசூலிக்காது. ஒரு ரொட்டிக்காகப் பேருந்தில் போய்வரும் கட்டணத்தையும், ஒரு பொருள் வாங்கப் போய் ஐந்து பொருளோடு திரும்பும் நம் பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால், மலிவு எது என்பது அவ்வளவு தெளிவான விஷயமாக இராது.

'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை மாட்டியிருந்த அதே கடைகளில், கல்லாவுக்கு அடியில் 555 நோட்டுப் புத்தகம் இருந்ததையும் மறந்துவிடக் கூடாது. சம்பளம் வரும்வரை பொறுத்துக்கொண்ட கடைக்காரர்கள் எத்தனையோ குடும்பங்களை மாதக் கடைசியில் பட்டினி இல்லாமல் காப்பாற்றினார்கள். எந்தப் பேரங்காடியும் நம் முகத்தைப் பார்த்துக் கணக்கு எழுதிக்கொள்ளாது.

"பழைய கடை போனால் என்ன, தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்தவர்கள் பேட்டைகளில் புதிய இந்திய மளிகைக் கடைகளைத் திறக்கிறார்களே?" என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், வரவேற்கத்தக்கது. முருங்கைக்காய்க்கும் இட்லி மாவுக்கும் தேக்காவரை போக வேண்டிய நிலை இப்போது இல்லை. ஆனால் அந்தக் கடைக்குள் நுழையும் நாம் எந்த மொழியில் வாய் திறக்கிறோம்? கல்லாவில் நிற்கும் இளைஞர் மதுரைத் தமிழில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார். நாம் அவரிடம் ஆங்கிலத்தில் விலை கேட்போம். அவரும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பதில் சொல்வார். தமிழ் தெரிந்த இருவர், இருவருக்கும் அவ்வளவாக இயல்பில்லாத முறையில் பேசிக்கொள்ளும் காட்சி இது. 'அவர் தமிழ் வேறு, நம் தமிழ் வேறு, சிரித்துவிடுவாரோ' என்ற கூச்சம் நமக்கு. 'இங்கே பிறந்தவர்களுக்குத் தமிழ் வராது' என்ற எண்ணம் அவருக்கு. இந்தச் சுவரை உடைக்க மாநாடு தேவையில்லை. "அண்ணே, கத்தரிக்காய் எவ்வளவு?" என்றால் போதும்.

நாம் செய்யக்கூடியது

முதலாவது, பற்றுச்சீட்டு. சமூக மேம்பாட்டு மன்றங்களின் சிடிசி பற்றுச்சீட்டில் பாதியைப் பேரங்காடியிலும் மறுபாதியை உணவங்காடிகளிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் செலவிடலாம். 2024 ஜனவரியில் சிங்கப்பூரர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 500 வெள்ளி, 2025 ஜனவரியில் 300 வெள்ளி வழங்கப்பட்டது. நம் வீடுகளில் அந்த மறுபாதி எங்கே செலவாயிற்று? பெரும்பாலும் சாப்பாட்டில். அடுத்த முறை கிடைக்கும்போது, அதில் ஒரு பங்கையாவது ஈரச்சந்தையிலும் சிறு மளிகைக் கடையிலும் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி வீட்டில் சொல்லலாம். இதற்குக் கைக்காசு ஒன்றும் கூடுதலாகச் செலவாகாது.

இரண்டாவது, உதவி. இப்பற்றுச்சீட்டுகள் மின்னிலக்க முறையில் வருகின்றன. அறுபது வயதைத் தாண்டிய கடைக்காரர் சிலர், செயலியைக் கண்டு மிரண்டு, திட்டத்தில் சேராமலேயே இருக்கின்றனர். கியூஆர் குறியீட்டை எப்படி வருடுவது, பணம் வந்ததை எப்படிச் சரிபார்ப்பது என்று தமிழில் பொறுமையாக அரைமணி நேரம் சொல்லிக்கொடுக்க நம்மில் யாருக்குத்தான் முடியாது? சமூக சேவைக்கென்று வெளிநாடு போகும் நமக்கு, மின்தூக்கியில் இறங்கினால் போய்ச்சேரும் இடத்தில் ஒரு சேவை காத்திருக்கிறது.

மூன்றாவது, பதிவு. ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் பட்டிமன்றம் நடத்துகிறோம், கவியரங்கம் நடத்துகிறோம். தொடரட்டும். அவற்றோடு, ஒவ்வோர் உறுப்பினரும் தத்தம் பேட்டையில் ஒரு தமிழ்க் கடைக்காரரைச் சந்தித்து, அவருடைய தொழிலின் சொற்களையும் கதையையும் அவர் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்தால் என்ன? எந்த ஊரிலிருந்து வந்தார், முதல் கடை எங்கே, எத்தனை மொழியில் வியாபாரம் செய்கிறார், கடன் நோட்டில் எப்படிப் பெயர் குறித்தார், 'மூணாவது மாடி வெள்ளைக்காரப் பாட்டி' என்றா, 'சைக்கிள் பையன்' என்றா? சோங் பாங்கில் சந்தை, உணவங்காடி, சமூக மன்றம், நீச்சல் குளம் எல்லாவற்றையும் ஒன்றிணைக்கும் புதிய மையத்துக்குத் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. பழையது மாறும் முன்பு அதிலிருந்த பேச்சைப் பிடித்து வைப்பது நம் கையில் இருக்கிறது. உட்லண்ட்ஸிலும் ஜூரோங்கிலும் தெம்பனீஸிலும் இருப்பவர்கள் அவரவர் பேட்டையைப் பார்த்துக்கொண்டால், அடுத்த மலருக்கு ஒரு முழுப் பகுதியே கிடைத்துவிடும்.

நான்காவது, ஆக எளியது. ஆனால் நாம் ஆக அதிகமாகத் தட்டிக்கழிப்பது. வாய் திறப்பது. கடைகள் அனைத்தையும் நாம் காப்பாற்றிவிட முடியாது. சில மூடப்படும். அவற்றின் உரிமையாளர்கள் ஓய்வு பெறத் தகுதியானவர்கள். திறந்திருக்கும்வரை அங்கே தமிழ் பேசப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒருவேளை புதிய கைகளுக்கு மாறினால், அந்தக் கைகளுக்கும் தமிழ் கேட்டுப் பழக வேண்டும்.

இன்று மாலை வீடு திரும்பும் வழியில், முட்டையோ ரொட்டியோ தீர்ந்திருக்கிறதா என்று வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் கேளுங்கள். தீர்ந்திருந்தால் கீழ்த்தளத்தில் வாங்குங்கள். விலையைத் தமிழில் கேளுங்கள். அவசரம் இல்லையென்றால், வியாபாரம் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.